பழைய தொழிற்சாலை நிலம்: மண், நிலத்தடி நீர் ரிப்போர்ட் குழப்பினால் எங்கே தேடுவது

பழைய தொழிற்சாலை நின்ற நிலத்தை வாங்கப் போகிறீர்கள், அல்லது வாங்கிவிட்டீர்கள், அல்லது அதன் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள். துளை போட்டு மண் எடுத்தாயிற்று, கண்காணிப்புக் கிணறு இறக்கித் தண்ணீரும் எடுத்தாயிற்று, லேபிலிருந்து ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆனால் அதில் இருக்கும் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, அல்லது கண்ணும் மூக்கும் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கின்றன. கீழே அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒன்று. ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் எண் லேபில் பிறப்பதில்லை. எங்கே துளை போட்டார்கள், எவ்வளவு ஆழத்தில் எடுத்தார்கள், எப்படி இறைத்தார்கள், எந்தக் குப்பியில் அடைத்தார்கள், எத்தனை நாள் கழித்துக் கருவியில் ஏற்றினார்கள் என்று நீளும் சங்கிலியின் கடைசிக் கண்ணி அது. கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய கண்ணிகளில்தான் இருக்கும், அதனால் பின்னோக்கி நடந்துதான் தேட வேண்டும். எண் பிடிக்கவில்லை என்று இன்னொரு மாதிரி எடுத்து, அது சுத்தமாக வந்ததும் முந்தையதைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. நாளை அந்த மண்ணில் விளையாடப் போகும் குழந்தைகளுக்கும் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்களுக்கும் செய்யும் துரோகம் அது. கெட்ட எண்ணைச் சந்தேகிக்கும் அதே கண்ணால் நல்ல எண்ணையும் சந்தேகியுங்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: ஒவ்வொரு துளையிலும் எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதிய குறிப்பு, கிணற்றின் அமைப்புப் படம், மாதிரி எடுத்த அன்று களத்தில் எழுதிய தாள், மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற பதிவு, லேப் தன் தரக்கட்டுப்பாட்டுக்காகச் செய்த சோதனைகளின் பக்கங்கள். கடைசியாகச் சொன்னதை லேப் பல நேரம் தானாக அனுப்பாது, கேட்டு வாங்குங்கள். இவை இல்லாமல் பிழை தேடுவது வெறும் ஊகம்.

நிலம் நாறுகிறது, ரிப்போர்ட் மட்டும் சுத்தமாக இருக்கிறது

எல்லா அறிகுறிகளிலும் இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் சுத்தம் என்ற ரிப்போர்ட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை.

முதலில் என்ன சோதிக்கச் சொன்னீர்கள் என்று பாருங்கள். கேட்டதை மட்டும்தான் லேப் தேடும். உலோகங்களுக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் மண் முழுக்கக் கரைப்பான் ஊறியிருந்தாலும் ரிப்போர்ட்டில் ஒரு வரி வராது. என்ன தேடுவது என்பதை அந்த இடத்தின் பழைய வேலைதான் முடிவு செய்ய வேண்டும். மின்முலாம் பூசிய பட்டறை என்றால் குரோமியம், நிக்கல், சயனைடு. அதோடு குரோமிக் அமிலத் தொட்டியில் ஆவி கிளம்பாமல் அடக்கச் சேர்த்த ஃபுளோரின் சேர்மங்கள். உலோக உதிரிபாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய இடம் என்றால் டிரைகுளோரோஎத்திலீன். உலர் சலவை என்றால் டெட்ராகுளோரோஎத்திலீன். நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலை என்றால் தார், பென்சீன், நாஃப்தலீன், சயனைடு. இந்த ஆலை நிலங்களில் சில நேரம் மண்ணே நீலமாக இருக்கும், எரிவாயுவைச் சுத்திகரித்த இரும்பு ஆக்சைடில் சயனைடு சேர்ந்து உண்டான நீலம் அது. மரத்துக்கு மருந்து ஏற்றிய இடம் என்றால் கிரியோசோட், பென்டாகுளோரோஃபீனால், அல்லது செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் சேர்ந்த கலவை. பேட்டரி என்றால் ஈயம், பழைய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் பி.சி.பி. (அதன் எண்ணெயில் இருந்த குளோரின் சேர்மங்கள்). இந்தப் பட்டியல் தெரிய வேண்டுமானால் பழைய வரைபடம், வான்வழிப் படம், உரிமக் காகிதங்கள் எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். அவற்றையெல்லாம் விட, அங்கே இருபது முப்பது வருடம் வேலை பார்த்த ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். கழிவை எந்தக் கதவு வழியாகக் கொண்டுபோய் எங்கே ஊற்றினார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது, அவருக்குத் தெரியும்.

இரண்டாவது, எங்கே தோண்டினீர்கள்? கட்டம் போட்டுச் சமதூரத்தில் துளை இறக்கினால் காகிதத்தில் அழகாக இருக்கும். கசிவு கட்டம் பார்த்து நடப்பதில்லை. தரையடி டேங்கின் ஓரம், வாகனம் நின்று எண்ணெய் இறக்கிய இடம், கழிவுநீர்ச் சம்ப், தரையில் இருக்கும் விரிசல், வடிகால் குழாயின் மூட்டு, பட்டறையின் பின்வாசலுக்கு வெளியே இருக்கும் இரண்டு மீட்டர் மண், துளைகள் முதலில் இங்கே போக வேண்டும்.

மூன்றாவது, ஆவியாகும் பொருள் வழியிலேயே பறந்துவிட்டதா? மண்ணை அள்ளிப் பாலித்தீன் பையில் போட்டு, கலக்கி, மதியம்வரை வண்டியில் வைத்திருந்து, பிறகு ஜாடியில் அடைத்திருந்தால் பென்சீனும் டிரைகுளோரோஎத்திலீனும் பெருமளவு காற்றோடு போயிருக்கும். சரியான முறை இது: மண் மேலே வந்த சில நிமிடங்களில், கலைக்காத பகுதியிலிருந்து, ஊசி போடும் சிரிஞ்ச் வடிவிலான சிறு குழாயால் சுமார் 5 கிராம் குத்தி எடுத்து, ஏற்கெனவே எடைபோட்டு மெத்தனால் ஊற்றி வைத்திருக்கும் குப்பியில் அப்படியே தள்ளி மூட வேண்டும். காற்றுப் புகாத உறையில் எடுத்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் லேப் அதைப் பதப்படுத்த வேண்டும். களத்தாளில் மெத்தனாலோ காற்றுப் புகாத உறையோ குறிப்பிடப்படவே இல்லையென்றால், ஆவியாகும் பொருள்களுக்கு வந்த சுத்தமான முடிவை நம்பாதீர்கள். நான்கைந்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பியிருந்தாலும் அப்படித்தான். கலக்கும்போது ஆவி போய்விடும், ஆவியாகாத பொருளோ சுத்தமான மண்ணோடு கலந்து நீர்த்துவிடும்.

நான்காவது, களத்தில் வைத்துப் பார்க்கும் பி.ஐ.டி. மீட்டர் (ஆவியை விளக்கொளியால் மின்னூட்டி அளக்கும் கருவி) பூஜ்யம் காட்டியதால் அந்த ஆழத்தில் மாதிரியே எடுக்காமல் விட்டார்களா? அந்த மீட்டரில் வழக்கமாக இருப்பது 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு. பென்சீனுக்கு 9.24, டிரைகுளோரோஎத்திலீனுக்கு 9.45 போதும் என்பதால் அவற்றை அது பிடிக்கும். கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் மூன்றுக்கும் 11-க்கு மேல் வேண்டும், மீத்தேனுக்கு 12-க்கும் மேல். இவை நிரம்பிய மண்ணின் மேல் பிடித்தாலும் மீட்டர் அமைதியாக இருக்கும். ஈரப்பதமும் அதைக் கெடுக்கும், மழை பெய்த அன்று எடுத்த அளவீடுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஐந்தாவது, 'கண்டறியப்படவில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை, அதாவது லேபால் காண முடிந்த குறைந்த அளவை, படியுங்கள். குடிநீரில் வினைல் குளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம். வேறு ஏதோ ஒரு பொருள் அதிகமாக இருந்ததால் லேப் மாதிரியை நூறு மடங்கு நீர்த்து ஓட்டியிருந்தால், லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே எதுவும் தெரியாது என்ற நிலை வரும். அப்போது 'கண்டறியப்படவில்லை' என்பதற்கு 49 இருக்கலாம் என்றுதான் பொருள்.

இத்தனையும் சரியாக இருந்து நாற்றம் மட்டும் இருந்தால், அழுகிய முட்டை வாடையா என்று பாருங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும், வழக்கமான கரிமப் பொருள் சோதனையில் வராது. ஆனால் மூக்கை மீட்டராக வைத்துக்கொள்ள வேண்டாம். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு அது ஏறினால் மோப்பம் மரத்துப்போய் வாடையே தெரியாது, இன்னும் பல மடங்கு ஏறினால் ஆள் விழுந்துவிடுவார். பழைய சம்ப், மூடிய குழி எதற்குள்ளும் காற்றைச் சோதிக்காமல் தலையை நீட்டாதீர்கள், ஆளையும் இறக்காதீர்கள்.

தண்ணீரில் எல்லா உலோகமும் ஒரே நேரத்தில் ஏறி நிற்கிறது

ஈயம், குரோமியம், நிக்கல், ஆர்செனிக் எல்லாம் கூடுதல், அதே ரிப்போர்ட்டில் அலுமினியமும் இரும்பும் ஆயிரக்கணக்கில். இந்தக் கூட்டணியைப் பார்த்ததும் முதலில் களத்தாளில் கலங்கல் அளவைத் தேடுங்கள். அலுமினியமும் இரும்பும் களிமண்ணின் உடம்பிலேயே இருப்பவை. மாதிரிக் குப்பியில் சேறு வந்திருக்கிறது, உலோகத்தைப் பாதுகாக்க அதில் நைட்ரிக் அமிலம் ஊற்றியிருக்கிறார்கள், அமிலம் சேற்றில் ஒட்டியிருந்த உலோகத்தைக் கரைத்துத் தண்ணீரில் விட்டிருக்கிறது. லேப் சரியாகத்தான் அளந்திருக்கிறது, அளந்தது நிலத்தடி நீரை இல்லை.

சேறு ஏன் வந்தது? கிணறு போட்டு முடித்ததும் அதை நன்றாக ஏற்றி இறக்கி இறைத்து, ஸ்லாட் பைப்பை (தண்ணீர் உள்ளே வரக் கீறல் போட்ட குழாய்ப் பகுதி) சுற்றியிருக்கும் நுண்மண்ணை வெளியேற்றியிருக்க வேண்டும், அதைச் செய்யாமல் விட்டிருக்கலாம். அல்லது மண்ணின் பருமனுக்குப் பொருந்தாத ஸ்லாட்டைப் போட்டிருக்கலாம். இவை இரண்டும் இல்லையென்றால் பெய்லர். கயிற்றில் கட்டிய அந்தக் குழாயைக் கிணற்றுக்குள் தடாலென்று விட்டு மேலே இழுத்தால் அடியில் இருக்கும் வண்டல் முழுக்கக் கிளம்பி வரும். மூன்று கிணற்றுக் கொள்ளளவு இறைத்துவிட்டோம் என்று களத்தாளில் எழுதியிருக்கும், கணக்கும் சரியாக இருக்கும் (50 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர்), தண்ணீர் மட்டும் பால் காபி நிறத்தில் இருந்திருக்கும்.

மறுபடி எடுக்கும்போது மெதுவாக இறைக்கும் முறைக்கு மாறுங்கள். பம்பின் வாயை ஸ்லாட் பகுதியின் நடுவில் நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி மட்டும் இழுக்க வேண்டும். நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைப் படியுங்கள். தொடர்ந்து மூன்று முறை பிஹெச் 0.1-க்குள்ளும், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும், கரைந்த ஆக்சிஜனும் கலங்கலும் 10 சதவீதத்துக்குள்ளும் நின்றால்தான் குப்பியைத் திறக்க வேண்டும். கலங்கல் 10 என்.டி.யூ.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே வந்தால் நல்லது. எல்லா மீட்டரும் நின்றும் கலங்கல் இறங்கவில்லை என்றால், அதே இடத்தில் இரண்டு குப்பி எடுங்கள்: ஒன்று அப்படியே, இன்னொன்று 0.45 மைக்ரான் ஃபில்டர் வழியாக. வடிகட்டுவது அமிலம் சேர்ப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும், பின்னால் வடிகட்டினால் கரைந்தது கரைந்ததுதான். வடிகட்டியதில் உலோகம் காணாமல் போனால் சேறுதான் காரணம். போகாமல் நின்றால் உங்களிடம் இருப்பது உண்மையான மாசு, அதை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும்.

ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) மட்டும் தனிக்கதை. பதப்படுத்தாத தண்ணீரில் அதை 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துத் திங்கட்கிழமை லேபுக்குப் போன மாதிரி சுத்தம் என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

பிஹெச் 11, 12 என்று காட்டுகிறது

காரம் பயன்படுத்திய தொழிற்சாலை என்றால் அது உண்மையாக இருக்கலாம். அப்படி இல்லாமல் ஒரே ஒரு கிணறு மட்டும் இப்படிக் காட்டினால், கேசிங்கைச் சுற்றி ஊற்றிய சிமென்ட் ஸ்லாட் பகுதிக்குள் இறங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். நடுவில் இருக்க வேண்டிய பென்டோனைட் (தண்ணீர் பட்டால் உப்பும் களிமண்) அடைப்பு சரியாக உப்பவில்லை. நிறைய இறைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்று கழித்தும் இறங்காவிட்டால் அந்தக் கிணற்றை முறையாக அடைத்துவிட்டு வேறு போட வேண்டும், ஏனென்றால் அந்தக் காரத்தில் உலோகங்களின் நடத்தையே மாறிவிடும்.

அங்கே யாரும் பயன்படுத்தாத பொருள் வருகிறது

குளோரோஃபார்ம் வந்தால் துளை போடும்போது எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் அது இயல்பாகவே கொஞ்சம் இருக்கும். பக்கத்தில் குடிநீர்க் குழாயோ சாக்கடையோ கசிந்தாலும் வரும்.

அசிட்டோன், டைகுளோரோமீத்தேன், தாலேட்டுகள் மூன்றும் லேபிலேயே புழங்குபவை. தாலேட்டு பிளாஸ்டிக் கையுறையிலிருந்தும் குழாயிலிருந்தும்கூட வரும். லேபின் வெற்று மாதிரியில் (மாசில்லாததை உங்கள் மாதிரி போலவே ஓட்டிப் பார்த்தது) அதே பொருள் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் மாதிரியில் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் இல்லையென்றால் லேபிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்வது நெடுநாள் நடைமுறை. சோடியம் பைசல்பேட் போட்டுப் பதப்படுத்திய மண்ணில் அசிட்டோன் குப்பிக்குள்ளேயே உருவாவதும் உண்டு.

இங்கேதான் வெற்று மாதிரிகளின் அருமை தெரியும். சுத்தமான தண்ணீர் நிரப்பி, திறக்காமல், மற்ற குப்பிகளோடு ஐஸ் பெட்டியில் போய்வந்த குப்பியில் ஏதாவது வந்தால் கலப்பு பயணத்தில் நடந்தது. கழுவிய பம்ப் வழியாக ஓட்டிப் பிடித்த தண்ணீரில் வந்தால், பம்ப்பைச் சரியாகக் கழுவவில்லை. செலவு மிச்சம் என்று இந்த இரண்டையும் விட்டிருந்தால், எங்கே கலந்தது என்பதை இனி எந்த வழியிலும் நிரூபிக்க முடியாது. மாதிரி எடுக்கும்போது குறைந்த மாசு உள்ள கிணற்றில் தொடங்கி மோசமான கிணற்றில் முடியுங்கள், ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறை மாற்றுங்கள்.

ஃபுளோரின் சேர்மங்களைத் தேடுகிறீர்கள் என்றால் இன்னும் கடுமை வேண்டும். அவற்றை லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் அளக்கிறார்கள், அமெரிக்கா 2024-இல் குடிநீரில் அவற்றில் இரண்டான பி.எஃப்.ஓ.ஏ.வுக்கும் பி.எஃப்.ஓ.எஸ்.ஸுக்கும் வைத்த வரம்பு 4 நானோகிராம். டெஃப்லான் குழாய், நீர் ஒட்டாத மழைக்கோட்டு எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது.

தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம்

ஒரு குச்சியை எடுத்துப் படலத்தைக் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து, துண்டுகள் தனித்தனியாக மிதந்து நின்றால் அது இரும்புப் பாக்டீரியா, பெரும்பாலும் பக்கத்தில் துருநிறச் சகதியும் இருக்கும். குச்சி போன இடத்தை மூடிக்கொண்டு படலம் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய். குச்சி சொன்னதோடு நிறுத்தாமல் மாதிரியும் எடுங்கள்.

கிணற்றுக்குள் எண்ணெய் மிதக்கிறது என்று சந்தேகம், ஆனால் இறக்கிப் பார்த்தால் எதுவும் இல்லை என்றால், ஸ்லாட் பகுதி எங்கே தொடங்குகிறது என்று அமைப்புப் படத்தில் பாருங்கள். அது முழுக்க நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வர வழியே இல்லை. பெட்ரோல், டீசலைத் தேடும் கிணற்றில் ஸ்லாட் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும், அதுவும் கோடையிலும் மழைக்காலத்திலும் மட்டம் நகரும் தூரம் முழுவதற்கும்.

ஆழத்தில்தான் மாசு அதிகம், மேலே ஒன்றுமில்லை

குளோரின் கரைப்பான்கள் தண்ணீரை விடக் கனமானவை. டிரைகுளோரோஎத்திலீனின் அடர்த்தி 1.46, டெட்ராகுளோரோஎத்திலீனுடையது 1.62. கசிந்தால் நீர்மட்டத்தில் நிற்காது, அதைத் தாண்டி இறங்கி ஏதாவது ஒரு களிமண் அடுக்கின் மேல் போய்ப் படுக்கும், அந்த அடுக்கு சாய்ந்திருந்தால் நிலத்தடி நீர் ஓடும் திசைக்கு எதிராகக்கூட வழியும். ஆகவே இந்த அறிகுறியைப் பார்த்ததும் லேபைக் குறை சொல்ல வேண்டாம். டிரைகுளோரோஎத்திலீனின் கரைதிறன் லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் சொச்சம் தண்ணீரில் தெரிந்தாலே, கரையாத திரவம் பக்கத்தில் எங்கோ தேங்கியிருக்கிறது என்று சந்தேகிப்பது வழக்கம்.

அந்த நிலையில் செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. இன்னும் ஆழமாகப் போய்ப் பார்ப்போம் என்று அதே இடத்தில் களிமண்ணைக் குத்தித் துளை போடாதீர்கள். இதுவரை அந்த அடுக்கு தாங்கி வைத்திருந்ததைக் கீழே இருக்கும் நல்ல நீருக்கு நீங்களே வழி வெட்டி விட்டுவிடுவீர்கள். சுற்றி வெளியே இருந்து துளை போட்டு நெருங்கி வர வேண்டும், களிமண்ணைத் தாண்டியே ஆக வேண்டுமென்றால் முதலில் அதற்குள் கேசிங் பதித்து அடைத்துவிட்டு அதன் உள்ளே சிறிய விட்டத்தில் போக வேண்டும். இதை மட்டும் அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்றுதான் செய்ய வேண்டும்.

இன்னொரு துணை அறிகுறி: டிரைகுளோரோஎத்திலீன் குறைந்துகொண்டே வருகிறது, வினைல் குளோரைடு ஏறுகிறது. ஆக்சிஜன் இல்லாத நீரில் பாக்டீரியாக்கள் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன: டிரைகுளோரோ, டைகுளோரோ, வினைல் குளோரைடு, கடைசியில் எத்திலீன். கடைசிப் படிவரை போனால் நல்லது. வினைல் குளோரைடிலேயே நின்றுவிட்டால், தொடங்கியதை விடக் கெட்ட இடத்தில் நிற்கிறீர்கள், அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். எத்திலீனையும் அளக்கச் சொல்லுங்கள், அது இருந்தால்தான் சிதைவு முடிகிறது என்று சொல்ல முடியும்.

ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண்

மார்ச்சில் பென்சீன் 20, செப்டம்பரில் 400. யார் பொய் சொல்கிறார்கள் என்று சண்டை போடுவதற்கு முன் நீர்மட்டத்தையும் அதே தாளில் எழுதுங்கள். கோடையில் மட்டம் இறங்கும்போது எண்ணெய் கூடவே இறங்கி மண்ணில் பூசிக்கொள்ளும், மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறி அந்தப் பூச்சை நனைக்கும்போது எண் எகிறும். இரண்டு ரிப்போர்ட்டும் உண்மை. ஒரே ஒரு முறை எடுத்த மாதிரியை வைத்து நிலத்தை வாங்கவோ விடவோ கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம், நீர்மட்டத்தின் உச்சத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று ஒரு வருடச் சுழற்சியாவது பாருங்கள்.

மட்டம் நகரவில்லை, ஆனாலும் எண் தாவுகிறது என்றால் முறை மாறியதா என்று பாருங்கள். ஒரு முறை பெய்லர், ஒரு முறை பம்ப் என்றால் ஒப்பிடவே முடியாது. தண்ணீரில் ஆவியாகும் பொருளுக்கான 40 மில்லிக் குப்பியைத் தலைகீழாகத் திருப்பித் தட்டினால் குமிழி தெரியக்கூடாது, பட்டாணி அளவுக் குமிழி இருந்தால் அந்தக் குப்பியைத் தள்ளிவிடுங்கள். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் பாதுகாப்பு அமிலம் பட்டதும் நுரைத்துக் குமிழி வரும், அங்கே அமிலம் இல்லாமல் எடுத்து 14 நாளுக்குப் பதில் 7 நாளுக்குள் ஆய்வை முடிக்கச் சொல்ல வேண்டும்.

மண்ணில் ஒரே இடத்து இரட்டை மாதிரிகள் இரண்டு மடங்கு வேறுபட்டால் பதற வேண்டாம். ஈயத் துணுக்கு ஒன்று ஒரு குப்பியில் விழுந்து இன்னொன்றில் விழாமல் போவது இயல்பு. மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் இதற்கு வழி. அதோடு இரண்டு ரிப்போர்ட்டும் உலர்ந்த மண் கணக்கிலா, ஈர மண் கணக்கிலா என்றும் பாருங்கள்: நூற்றுக்கு 25 பங்கு ஈரம் உள்ள மண்ணில் ஈரக் கணக்கில் 75 என்பது உலர் கணக்கில் 100.

மேட்டுப் பக்கக் கிணறும் அழுக்காக இருக்கிறது

நிலத்தடி நீர் உங்கள் நிலத்துக்குள் வரும் பக்கத்துக் கிணறு சுத்தமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் அது மேட்டுப் பக்கம்தான் என்று யார் சொன்னது? தரை சாய்ந்த திசையிலேயே நிலத்தடி நீரும் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறைந்தது மூன்று கிணறு, நேர்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக, கேசிங் வாயின் உயரம் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து, எல்லாவற்றிலும் ஒரே நாளில் நீர்மட்டம் எடுத்தால்தான் திசை தெரியும். பக்கத்தில் யாராவது பெரிய போர்வெல் ஓட்டினால் திசை அந்தப் பக்கம் திரும்பிவிடும். கிணற்றில் எண்ணெய் மிதந்தால் அது தண்ணீரை அழுத்தி மட்டத்தை இறக்கிக் காட்டும்: 40 சென்டிமீட்டர் பெட்ரோல் நின்றால், அடர்த்தி 0.75 என்று வைத்து, தண்ணீர் மட்டத்தோடு 30 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் சரிபார்த்த பிறகும் மேட்டுக் கிணறு அழுக்கு என்றால், மாசு பக்கத்து நிலத்திலிருந்து வருகிறதா என்று பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அதை எழுத்தில் பதிவு செய்யுங்கள், பின்னால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும்.

யாரும் ஆர்செனிக் பயன்படுத்தவில்லை, தண்ணீரில் இருக்கிறது

எண்ணெய் கசிந்த இடத்தில் பாக்டீரியா அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பிறகு மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடைக் கரைக்கத் தொடங்கும், இரும்பில் ஒட்டியிருந்த இயற்கை ஆர்செனிக்கும் கூடவே வெளியே வரும். கரைந்த ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, கரைந்த இரும்பும் மாங்கனீசும் அதிகம், அந்த இடத்தில்தான் ஆர்செனிக்கும் அதிகம் என்றால் இதுதான் நடக்கிறது. இயற்கை என்பதால் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 10 மைக்ரோகிராம் எங்கிருந்து வந்த ஆர்செனிக்குக்கும் பொருந்தும், அதைக் கிளப்பிவிட்டதும் அந்தக் கசிவுதான்.

எண்ணெயே புழங்காத இடத்தில் பெட்ரோலிய அளவு கூடுதல்

சதுப்பு மண், இலைமக்கு நிறைந்த மண் இதைச் செய்யும். லேபிடம் சோதனைக் கருவி வரைந்த கோட்டுப் படத்தை (குரோமட்டோகிராம்) கேட்டு வாங்குங்கள். டீசல் என்றால் சமதூரத்தில் ஒழுங்காக எழும் முனைகளும் அவற்றின் அடியில் ஒரு திமிலும் இருக்கும், இலைமக்கு என்றால் கடைசிப் பகுதியில் ஒழுங்கில்லாமல் சிதறி இருக்கும். சிலிக்கா ஜெல் வழியாகச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டச் சொல்லலாம், ஆனால் அது பாதி சிதைந்த எண்ணெயின் பொருள்களையும் சேர்த்து நீக்கிவிடும், ஆகவே செய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு எண்களையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்திகரிப்பு முடிந்தது, மறுபடி ஏறுகிறது

இறைத்துச் சுத்தம் செய்யும்போது மணல் வழியாக ஓடும் நீர் விரைவில் தெளியும். பக்கத்துக் களிமண்ணுக்குள் பல வருடமாக ஊறியிருந்தது அப்படியே இருக்கும், பம்பை நிறுத்தியதும் மெதுவாக வெளியே வரும். ஆகவே பம்ப் ஓடும்போது எடுத்த மாதிரியை வைத்து வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவதை ஏற்காதீர்கள். நிறுத்திய பிறகு ஒரு வருடமாவது தொடர்ந்து பார்த்த எண்களைக் கேளுங்கள், களிமண்ணுக்குள்ளிருந்தும் மண் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

கட்டடத்துக்குள் ஆவி வருகிறதா என்று தெரியவில்லை

தண்ணீர் யாரும் குடிக்கவில்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று இருக்க முடியாது, கரைப்பான் ஆவி மண் வழியாக ஏறித் தரை விரிசலில் நுழையும். உள்காற்றை மட்டும் அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும், பெயிண்ட் டப்பா, பசை, உலர் சலவையிலிருந்து வந்த துணி எல்லாமே அதே பொருள்களை வெளியிடும். முதலில் அவற்றை அகற்றிவிட்டு, பிறகு ஒரே நாளில் மூன்று இடத்தில் எடுங்கள்: தரைக்கு அடியில், அறைக்குள், கட்டடத்துக்கு வெளியே. தரைக்கு அடியில் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் அதே பொருள் இருந்து வெளியே இல்லையென்றால் அது கீழிருந்துதான் வருகிறது. தரையில் போட்ட துளையின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து ஹீலியம் நிரப்பி, எடுத்த காற்றில் ஹீலியம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அறைக்காற்று உள்ளே கசிந்திருக்கிறது, அந்த மாதிரி செல்லாது. உள்காற்றில் அளவு கூடுதல் என்று உறுதியானால் அடுத்த சுற்று மாதிரிக்காகக் காத்திருக்க வேண்டாம்: உள்ளே இருப்பவர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், தரை விரிசல்களையும் குழாய் நுழையும் ஓட்டைகளையும் அடையுங்கள், தரைக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடும் ஃபேன் வைப்பதற்கான ஏற்பாட்டைத் தொடங்குங்கள்.